ஆமைக்குட்டி "பராமரிப்பே வேணாத செல்லம்" இல்ல சார்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன ஞாயித்துக்கிழமை இணைப்புல மொத தடவ செல்லப்பிராணி வளக்கறவங்களுக்குன்னு ஒரு பக்கம் போட்டிருந்தீங்க. அதுல நாய், பூனை, கிளி எல்லாத்தையும் விலாவாரியா சொல்லிட்டு கடைசில ஒரு சின்ன கட்டம் போட்டு ஆமைக்குட்டிக்கு நாலே நாலு வரி, "சத்தம் போடாது, முடி கொட்டாது, வாக்கிங் கூட்டிட்டுப் போக வேணாம், பராமரிப்பே வேணாத செல்லம்"னு. அத படிச்சதுல இருந்து எனக்கு மனசே ஆறல. ரெண்டு நாள் பொறுத்துப் பாத்தேன், முடியல, அதான் போன்லயே டைப் பண்ணி அனுப்பறேன், எழுத்துப் பிழை இருந்தா திருத்திக்கங்க, நீளமா இருந்தா எங்க வேணா வெட்டிக்கங்க, ஆனா லைட் பத்தி எழுதியிருக்கற பாகத்துல மட்டும் கை வச்சிடாதீங்க.

நான் ரிட்டயர்டு ஆளு, 31 வருஷம் ஒரு கம்பெனில ஸ்டோர் கீப்பரா இருந்தவன், எது வந்துச்சு எது போச்சுன்னு நோட்டுல எழுதி வைக்கலன்னா எனக்கு ராத்திரி தூக்கம் வராது. ஆமை வளக்கணும்னு நான் கனவுல கூட நினைச்சதில்ல. பேரனோட எட்டாவது பொறந்தநாளுக்கு யாரோ ரெண்டு ஆமைக்குட்டிய ஒரு பிளாஸ்டிக் டப்பாவுல போட்டு கிஃப்ட்டா குடுத்துட்டாங்க, அடுத்த மாசமே மகனுக்கு டிரான்ஸ்ஃபர் வந்துச்சு, "புது வீடு பாக்கற வரைக்கும் ஒரு வாரம் வச்சிருங்கப்பா"ன்னு விட்டுட்டுப் போனான். அது ஆச்சு ஒன்றரை வருஷம்.

அந்த டப்பாவ நீங்களும் பாத்திருப்பீங்க. கைப்பிடி வச்ச டப்பா, நடுவுல ஒரு மேடு, மேட்டுல ஒரு பிளாஸ்டிக் தென்ன மரம், கீழ கலர் கலரா கூழாங்கல்லு, ஒரு விரக்கடை தண்ணி. கூடவே காஞ்ச எறால் மாதிரி ஒரு டின்னு. ரெண்டு ஆமையும் பெரிய கோட்டு பட்டன் சைஸ் தான் இருந்துச்சு, அதனால சின்னதுக்குப் பேரு பட்டன், இன்னொண்ணுக்குக் குண்டு, பேரன் வச்ச பேரு. கண்ணுக்குப் பின்னாடி செவப்பா ஒரு பட்டை இருக்கும், ரெட் இயர் ஸ்லைடர்னு சொல்றாங்க, உலகத்துல செல்லப்பிராணியா அதிகமா விக்கற நீர் ஆமை அது தான்.

மொத ரெண்டு மாசம் உங்க பேப்பர்ல போட்ட மாதிரியே தான் இருந்துச்சு சார். அத நான் ஒத்துக்கறேன். சத்தம் இல்ல, நாத்தம் கூட பெருசா இல்ல, காலைல தண்ணி மாத்தினா, ஒரு சிட்டிகை எறால் போட்டா வேல முடிஞ்சுது, இத விட லேசான ஜீவன் இருக்குமான்னு நானே பக்கத்து வீட்டுக்காரர்கிட்ட பீத்திக்கிட்டேன். இப்போ யோசிச்சா தான் புரியுது, அந்த ரெண்டு மாசமும் அது ரெண்டும் கொஞ்சம் கொஞ்சமா செத்துக்கிட்டு இருந்திருக்கு. நாய்க்கு ஒரு வேளை சோறு வைக்கலன்னா வீட்டையே ரெண்டாக்கிடும். ஆமை அப்படி இல்ல, அது நடக்கறதுல மட்டும் மெதுவு இல்ல, நோவு வர்றதுலயும் மெதுவு, சாகறதுலயும் மெதுவு. நாம செய்யற தப்புக்கு அது பதில் சொல்லவே ரெண்டு மாசம், மூணு மாசம் ஆகுது. அந்த தாமதத்தத் தான் நீங்க பராமரிப்பு வேணாம்னு எழுதிட்டீங்க.

பட்டனுக்கு மொதல்ல வந்தது கண்ணு. ஒரு நாள் காலைல பாத்தா இமை ரெண்டும் உப்பி, சின்ன மிளகு ஒட்டி வச்ச மாதிரி இருந்துச்சு, தொறக்கவே இல்ல. தூங்குதுன்னு நினைச்சேன். மறுநாளும் தூங்குச்சு. ஆமை கண்ணால பாத்து தான் சாப்பாட்டத் தேடும், கண்ணு தொறக்கலன்னா எதிர்ல போட்டாலும் தெரியாது, அதனால நாலு நாளா ஒண்ணுமே சாப்பிடலன்னு எனக்கு லேட்டா தான் உறைச்சுது. கையில எடுத்து அடிப்பக்கம் லேசா தொட்டுப் பாத்தேன். சார், ஆமை ஓடுன்னா நாம என்ன நினைப்போம், கல்லு மாதிரின்னு தானே, அது தண்ணில நனஞ்ச அட்டை மாதிரி விரலுக்கு அமுங்குச்சு. பொறந்த குட்டிக்கு ஓடு லேசா வளைஞ்சு குடுக்கும், பெருசுக்கு இருக்கற கெட்டி இருக்காதாம், ஆனா நாளாக நாளாக இறுகணும், இது திரும்ப இளகுது.

முதல்ல போன டாக்டர் நாய் பூனை தான் பாப்பேன்னு நேர்மையா சொல்லிட்டாரு. விசாரிச்சு விசாரிச்சு ஊர்வன பாக்கற ஒரு வெட்னரி டாக்டரம்மாவக் கண்டுபிடிச்சுப் போனேன். அந்தம்மா ஆமைய வாங்கறதுக்கு முன்னாடியே மூணு கேள்வி கேட்டாங்க. என்ன லைட் போட்டிருக்கீங்க, தண்ணி எத்தன டிகிரி, என்ன சாப்பாடு. மூணுக்கும் என்கிட்ட பதில் இல்ல. லைட்டா, ட்யூப் லைட் இருக்கும்மான்னேன். அந்தம்மா ஒண்ணும் திட்டல, ஓட்ட அமுக்கிப் பாத்துட்டு "இது நேத்து வந்த வியாதி இல்லங்க, உங்க வீட்டுக்கு வந்த அன்னிக்கே ஆரம்பிச்ச வியாதி"ன்னாங்க. ஊசி போட்டாங்க, மருந்து குடுத்தாங்க, ஒம்பதாவது நாள் பட்டன் போயிடுச்சு. குண்டு பொழச்சுது, ஏன் பொழச்சுதுன்னு பின்னாடி சொல்றேன்.

என் வீட்டுக்காரம்மா அன்னிக்கு "ஆமை புகுந்த வீடும் அமீனா புகுந்த வீடும் உருப்படாதுன்னு சும்மாவா சொன்னாங்க"ன்னாங்க. நம்ம வீட்டுக்குள்ள புகுந்த ஆமை தானேம்மா உருப்படாம போச்சு, வீடு நல்லா தானே இருக்குன்னு நான் சொன்னேன், அதுக்கப்புறம் ரெண்டு பேரும் பேசிக்கல.

இப்போ லைட். நான் டப்பாவ ஜன்னலோரமா தான் வச்சிருந்தேன், காலைல நல்லா வெயில் விழும், அதுக்கு வெயில் வேணும்கறது கூட தெரியாத முட்டாள் இல்ல நான். ஆனா ஜன்னல் கண்ணாடிய சாத்தி வச்சிருந்தேன். அங்க தான் கோட்டை விட்டேன். வெயில்ல இருக்கற யூவிபின்னு ஒரு கதிர் தோல்ல பட்டா தான் உடம்புக்குள்ள வைட்டமின் டி3 உண்டாகும், டி3 இருந்தா தான் சாப்பாட்டுல இருக்கற கால்சியம் உடம்புல சேரும், இல்லன்னா எவ்ளோ கால்சியம் போட்டாலும் வந்த வழியே போயிடும், ரத்தத்துக்கு வேண்டிய கால்சியத்துக்கு உடம்பு சொந்த எலும்பையும் ஓட்டையும் கரைக்க ஆரம்பிச்சிடும். சாதா ஜன்னல் கண்ணாடி அந்த யூவிபியக் கிட்டத்தட்ட முழுசா தடுத்துடும். வெளிச்சம் வருது, சூடு வருது, வர வேண்டியது மட்டும் வரல. ஸ்டோர்ல இருந்தப்போ பெட்டி வந்திருக்கும், பில்லும் வந்திருக்கும், தொறந்து பாத்தா உள்ள சரக்கு இருக்காது, அந்த மாதிரி.

அதனால ஆமை டேங்குக்கு ரெண்டு லைட் வேணும், ஒண்ணு சூட்டுக்கு, ஒண்ணு யூவிபிக்கு, ரெண்டும் ஒண்ணா வர்ற பல்பும் இருக்கு. அது ஏறி உக்காந்து காயற திட்டுக்கு நேர் மேல இருக்கணும், எவ்ளோ உயரம்னு பல்பு அட்டைலயே போட்டிருப்பான், நடுவுல கண்ணாடி மூடியோ பிளாஸ்டிக் மூடியோ இருக்கவே கூடாது. ஒரு நாளைக்கு 10ல இருந்து 12 மணி நேரம் எரிஞ்சா போதும், ராத்திரி இருட்டு வேணும், ஒரு டைமர் போட்டுட்டா நமக்கு ஞாபக சக்தி தேவையில்ல. இன்னொரு விஷயம், யூவிபி பல்பு கண்ணுக்கு பளிச்சுனு எரிஞ்சுக்கிட்டே இருக்கும், ஆனா உள்ள யூவிபி தீந்து போயிருக்கும், பல்புக்குத் தக்க 6 மாசத்துல இருந்து ஒரு வருஷத்துக்குள்ள மாத்தணும். நான் பல்பு மேலயே மார்க்கர்ல தேதி எழுதி வச்சிருக்கேன். நேரடி வெயில்ல வைக்கலாமேன்னு கேப்பீங்க, அத விட நல்லது எதுவும் இல்ல, ஆனா கண்ணாடித் தொட்டியோட தூக்கி வெயில்ல வச்சிடாதீங்க, கொஞ்ச நேரத்துல தண்ணி கொதிநீர் மாதிரி ஆயிடும், காத்தோட்டமான அகலமான டப்பால, பாதி நிழல் பாதி வெயில் இருக்கற மாதிரி வச்சு, பக்கத்துலயே நாற்காலி போட்டு உக்காந்துக்கணும், ஏன்னா பட்டன் சைஸ் ஆமை காக்காவுக்கு ஒரு வாய்.

சூடு பத்தி ஒரு வார்த்தை. நம்மள மாதிரி அதுக்கு உடம்புக்குள்ள அடுப்பு கிடையாது, தண்ணி எவ்ளோ சூடோ உடம்பும் அவ்ளோ தான். குட்டிக்கு தண்ணி 26ல இருந்து 28 டிகிரி இருக்கணும், காயற திட்டு 30ல இருந்து 35 டிகிரி. தெர்மாமீட்டர் வாங்கி மொத நாள் காலைல அந்த டப்பாத் தண்ணில வச்சுப் பாத்தேன், 21. சில்லுன்னு இருந்தா சாப்பிட்டது செரிக்காது, செரிக்கலன்னா சாப்பிடாது, அப்புறம் நெஞ்சுல சளி கட்டும். மூக்குல குமிழி விடறது, வாயத் தொறந்து தொறந்து மூச்சு வாங்கறது, நீந்தும் போது ஒரு பக்கமா சாஞ்சு மிதக்கறது, இது எல்லாம் நிமோனியா அடையாளம், விளையாடுதுன்னு வீடியோ எடுத்துக்கிட்டு நிக்காம அன்னிக்கே டாக்டர்கிட்ட ஓடணும். ஹீட்டர் போட்டா அதுக்கு மேல கூடு மாதிரி ஒரு காப்பு மாட்டுங்க, தண்ணி மாத்தறப்போ மறக்காம ப்ளக்க பிடுங்கிடுங்க, தண்ணிக்கு வெளிய சூடான கண்ணாடி ஹீட்டர் டப்புனு வெடிச்சிடும்.

தண்ணில நான் பண்ணது வேற ரக முட்டாள்தனம். எனக்கு எதுவும் பளபளன்னு இருக்கணும். பட்டன் போனதுக்கு அப்புறம் குண்டுவுக்கு 80 லிட்டர் கண்ணாடி டேங்கு, ஃபில்டர் எல்லாம் வாங்கிட்டேன், ரெண்டு நாளைக்கு ஒரு தடவ மொத்தத் தண்ணியையும் கொட்டி, ஃபில்டர் ஸ்பான்ஜ குழாயடியில வச்சு பிழிஞ்சு பிழிஞ்சு வெள்ளையாக்கி மாட்டுவேன். தண்ணி கண்ணாடி மாதிரி இருக்கும், ஆனா ஒரு காரமான வாடை போகவே போகாது. அப்புறம் தான் தெரிஞ்சுது, ஆமை கழிவுல இருந்து வர்ற அமோனியாங்கற விஷத்த நைட்ரைட்டாக்கி, நைட்ரைட்ட அவ்ளோ கெடுதல் இல்லாத நைட்ரேட்டாக்கற பாக்டீரியா அந்த ஸ்பான்ஜுல தான் குடியிருக்கு, அது நல்லா பெருகி ஊனவே நாலு ஆறு வாரம் ஆகும், நான் அதுங்கள ஒருநாள் விட்டு ஒருநாள் குளோரின் தண்ணில கழுவிக் கொன்னுக்கிட்டு இருந்திருக்கேன். இப்போ வாரத்துக்கு ஒரு தடவ கால்வாசித் தண்ணி மட்டும் எடுக்கறேன், எடுத்த அந்தப் பழைய தண்ணிலயே ஸ்பான்ஜ அலசறேன், புதுத் தண்ணில குளோரின் போக்கற சொட்டு மருந்து விட்டுட்டு ஊத்தறேன். ஃபில்டர் வாங்கும் போது நம்ம டேங்க விட ரெண்டு மூணு மடங்கு பெரிய டேங்குக்கு உள்ளதா வாங்கணும், மீனுக்குன்னு போட்டிருக்கற கணக்கு ஆமைக்கு ஆகாது, ஆமை அவ்ளோ அசுத்தம் பண்ணும்.

ஆழம் பத்தியும் ஒரு பயம் இருக்கு நிறைய பேருக்கு, குட்டி முழுகிடுமோன்னு. மொத சில நாள் கொஞ்சம் கம்மியா வச்சு, நடுநடுவுல பிடிச்சு ஏற ஏதாவது போட்டா சரி. ஆனா ஒரு விரக்கடை தண்ணி தான் உண்மையான ஆபத்து. மல்லாக்க விழுந்துட்டா திரும்பிக்கறதுக்கு ஓட்டோட அகலத்த விட ஆழம் வேணும். அந்த டப்பால வர்ற சின்னக் கூழாங்கல்ல எடுத்து வெளிய போடுங்க, எறால்னு நினைச்சு முழுங்கி குடல் அடைச்சிடும், கல்லு போட்டே ஆகணும்னா அதோட தலைய விடப் பெருசா போடுங்க.

சாப்பாட்டுக்கு வருவோம். எறால் டின்னு இருக்கே, அது நொறுக்குத் தீனி, சாப்பாடு இல்ல. அது மட்டுமே தின்னா வைட்டமின் ஏ கிடைக்காது, பட்டனுக்கு கண்ணு வீங்கினதுக்கு அதுவும் ஒரு காரணம்னு டாக்டரம்மா சொன்னாங்க. குட்டி ஆமைக்குன்னு இருக்கற பெல்லட் தான் மெயின், தினம் ஒரு தடவ, அளவு எவ்ளோன்னா அதோட தலை சைஸ், கழுத்து சேக்காம. கொஞ்சம் வளந்தா ஒருநாள் விட்டு ஒருநாள். குட்டில கறி மீனு ஆசை ஜாஸ்தி, வளர வளர பச்சைக்கு மாறும், அதனால இப்போ இருந்தே கொஞ்சம் எலை பழக்கலாம், ஆனா கீரைன்னதும் பசலைக்கீரைய அள்ளிப் போட்டுடாதீங்க, அதுல இருக்கற ஆக்ஸாலிக் ஆசிட் கால்சியத்த பிடிச்சு வச்சுக்கும். கால்சியத்துக்கு கணவா மீனோட ஓடு ஒரு துண்டு மிதக்க விட்டா அதுவா கடிச்சுக்கும்.

குண்டு சாப்பிடறத உக்காந்து பாக்கணும் சார். நான் டேங்க் பக்கம் வந்தாலே நாலு காலும் துடுப்பு மாதிரி அடிச்சுக்கிட்டு கண்ணாடில வந்து முட்டும், ஒரு வாரமா பட்டினி போட்ட மாதிரி ஒரு பார்வை, இப்போ தான் சாப்பிட்டிருக்கும். பேரன் லீவுக்கு வந்தப்போ பாவம்னு திட்டு மேலயே பெல்லட் வச்சான், அது வாயில கவ்விட்டு தொபுக்கடீர்னு தண்ணிக்குள்ள குதிச்சுது, பயந்துட்டு ஓடுதுன்னு அவனுக்கு அழுகையே வந்துடுச்சு. பயம் இல்லடா, நீர் ஆமைக்கு தண்ணி இல்லாம முழுங்கவே வராது, நம்ம மாதிரி நாக்க நீட்டி மடக்கி உள்ள தள்ள முடியாதுன்னு சொன்னேன். தண்ணிக்குள்ள போய் முன்னங்கால் நகத்தால ரெண்டு இழுப்பு இழுத்து, லபக்குனு தலைய முன்னால தள்ளி உறிஞ்சுச்சு. மீந்தத ஒரு வலைல அள்ளிடணும், அது ஊறினா தான் தண்ணி கெடும். புதுசா வந்த குட்டி மூணு நாலு நாள் சாப்பிடலன்னா பதறாதீங்க, இடம் மாறின பயம், மொதல்ல தண்ணிச் சூடும் லைட்டும் சரியான்னு பாருங்க. வாயப் பொளந்து ஊட்டற வேல மட்டும் வேணாம். வாரக் கணக்குல போனா டாக்டர்.

குண்டு ஏன் பொழச்சுதுன்னு சொல்றேன்னு சொன்னேன்ல. அந்த டப்பால மேடு ரொம்ப சின்னது. எப்பப் பாத்தாலும் பட்டன் முதுகு மேல குண்டு ஏறி உக்காந்திருக்கும், அண்ணன் தம்பி பாசத்த பாருன்னு குடும்பமே ஃபோட்டோ எடுத்தோம், என் போன்ல இப்பவும் இருக்கு. அது பாசம் இல்ல, போட்டி. நல்ல எடத்த பெருசு பிடிச்சுக்கும், சின்னது அடியில நசுங்கும், சாப்பாட்டுலயும் அதே கதை. பட்டன் வாலு நுனில ஒரு காயம் இருந்துச்சு, அது எப்படி வந்துச்சுன்னு அப்போ நான் யோசிக்கவே இல்ல. ஆமைக்கு துணை வேணும்னு நாமளா நினைச்சுக்கறோம், அதுக்கு அந்த ஆசை கிடையாது. ஒண்ணு போதும்.

கை கழுவற விஷயத்த நீங்க ஒரு வரி கூட எழுதல, அது தான் எனக்கு பெரிய ஆச்சரியம். ஆமை குடல்ல சால்மோனெல்லா கிருமி சாதாரணமாவே இருக்கும், அதுக்கு ஒண்ணும் ஆகாது, நமக்கு வயித்தால போகும், காய்ச்சல் வரும், 5 வயசுக்குக் கீழ உள்ள குழந்தைங்களுக்கும், வயசானவங்களுக்கும், மாசமா இருக்கறவங்களுக்கும் ஆஸ்பத்திரில சேக்கற அளவுக்குக் கூட போகும். குட்டி ஆமைய குழந்தைங்க முத்தம் குடுக்கும், வாயில போடும். அதனாலயே அமெரிக்கால 1975லயே ஓடு 4 இஞ்சுக்கு கம்மியா இருக்கற ஆமைய செல்லப்பிராணியா விக்கக் கூடாதுன்னு தடை போட்டாங்க. தொட்டா சோப்பு போட்டு கை கழுவணும், டேங்க் தண்ணிய சமையல்கட்டு தொட்டில கொட்டக் கூடாது, பேத்திக்கு 3 வயசு, அவளுக்கு எங்க வீட்டுல கண்ணால பாக்க மட்டும் தான் பர்மிஷன், அழுதாலும் சரி.

அப்புறம் உங்க ஃபோட்டோ. நாலு வரிக்கு மேல போட்டிருந்தீங்களே, ஒரு தண்ணித் தட்டுல ஆமை நிக்கற மாதிரி, அது நீர் ஆமையே இல்ல சார், நில ஆமை. முதுகு மேடா குண்டான் கவுத்த மாதிரி, காலு யானைக்கால் மாதிரி உருண்டையா இருந்துச்சு, நீர் ஆமைக்கு பாதத்துல விரலுக்கு நடுவுல ஜவ்வு இருக்கும், ஓடு தட்டையா இருக்கும். நம்ம பாஷையில எல்லாத்துக்கும் ஆமைன்னு ஒரே சொல்லு இருக்கறதால வர்ற கொழப்பம் இது, எனக்கும் இருந்துச்சு. ஆனா இந்தக் கொழப்பத்துல ஒரு உயிர் போகும். நில ஆமைக்கு நீந்தத் தெரியாது, ஆழமான தண்ணில விட்டா முழுகிடும். அந்த ஃபோட்டோவப் பாத்துட்டு எந்தக் கொழந்தையாவது வீட்டுல இருக்கற நில ஆமைய டேங்க்ல எறக்கிடப் போகுது. வாங்கறதுக்கு முன்னாடி எந்த ஆமை, உங்க நாட்டு வனவிலங்கு சட்டம் அத வீட்டுல வச்சுக்க விடுதான்னு கேட்டுக்கறதும் நல்லது, பல எனம் தடை பண்ணப்பட்டது.

இன்னொண்ணு, அந்த பட்டன் சைஸ் பட்டனாவே இருக்காது. நான் ஞாயித்துக்கிழமை தோறும் ஒரு சின்ன தராசுல வச்சு நோட்டுல எழுதறேன் (சமையல்கட்டு தராசு இல்ல, தனியா வாங்கினது, வீட்டுக்காரம்மா படிச்சா தெளிவா இருக்கட்டும்). என்கிட்ட வந்த அன்னிக்கு குண்டு 9 கிராம், போன வாரம் 131 கிராம், ஓடு 9 சென்டிமீட்டர். பொட்டையா இருந்தா 25ல இருந்து 30 சென்டிமீட்டர் வரைக்கும் போகும், ஆண் அத விட சின்னது, முன்னங்கால் நகம் நீளமா வளந்தா ஆண், அதுக்கு இன்னும் கொஞ்ச நாள் ஆகும். ஒரு இஞ்ச் ஓட்டுக்கு 40 லிட்டர் தண்ணின்னு ஒரு பழைய கணக்கு சொல்வாங்க. 10 இஞ்சுன்னா 400 லிட்டர், தண்ணி மட்டுமே 400 கிலோ, எந்த ஸ்டாண்டு தாங்கும் எந்தச் சுவத்தோரம் வைக்கலாம்னு நான் இப்பவே அளந்து வச்சிட்டேன். ஆமைய விட லைட்டும் டேங்கும் ஃபில்டரும் பல மடங்கு விலை. அதனால தான் மொதல்ல அதெல்லாம் வாங்கி ஒரு மாசம் ஓட விட்டு, டிகிரி சரியா நிக்குதான்னு பாத்துட்டு அப்புறம் ஆமைய வாங்கணும்னு நான் தலைகீழா சொல்றேன். அவ்ளோ செலவு பண்ண யோசனையா இருந்தா வாங்காதீங்க, அதுலயும் ஒரு நல்லது இருக்கு.

வளந்ததுக்கு அப்புறம் முடியலன்னு குளத்துலயோ ஏரிலயோ விடறது இருக்கே, அது புண்ணியம்னு சில பேரு நினைக்கறாங்க. இந்த சிவப்புக் காது ஆமையோட சொந்த ஊரு அமெரிக்காவுல மிசிசிப்பி ஆத்துப் பக்கம், வேற எந்தத் தண்ணில விட்டாலும் அங்க இருக்கற உள்ளூர் ஆமையோட எடத்தையும் சாப்பாட்டையும் பிடிச்சுக்கும், பட்டன் முதுகுல குண்டு ஏறின மாதிரி தான். உலகத்துலயே மோசமான 100 ஆக்கிரமிப்பு உயிரினங்கள் பட்டியல்ல இதுவும் ஒண்ணு. ஐரோப்பிய யூனியன் 1997லயே இறக்குமதிய நிறுத்திடுச்சு, ஜப்பான்ல 2023 ஜூன்ல இருந்து விக்கவும் கூடாது, வெளிய விடவும் கூடாது. முடியலன்னா ஊர்வன தெரிஞ்ச டாக்டர்கிட்ட கேளுங்க, வளக்கற ஆள அவங்களுக்குத் தெரிஞ்சிருக்கும்.

நல்லா பாத்துக்கிட்டா 30 வருஷம் வரைக்கும் கூட வாழுமாம். எனக்கு 64. கணக்கு போட்டுப் பாத்தேன், எனக்கு அடுத்தாப்ல யாருங்கறது எழுதாம நோட்டு முடியாது. போன வாரம் போன்ல பேரன்கிட்ட கேட்டேன், அவன் பெரியவனானதும் வந்து கூட்டிட்டுப் போறேன்னான், சரின்னு நோட்டுல கடைசிப் பக்கத்துல அவன் பேரையும் தேதியையும் போட்டுட்டேன், கையெழுத்து லீவுக்கு வரும்போது வாங்கிக்கணும்.

அந்த ஃபோட்டோவுக்கு ஒரு திருத்தம் போடுங்க சார், நாலு வரி போட்ட அதே எடத்துல போட்டா நல்லது. எடம் இருந்தா ஜன்னல் கண்ணாடி விஷயத்தையும் சேத்துப் போடுங்க. அந்தப் பக்கத்தப் படிச்சிட்டு யாராவது ஏற்கனவே தென்ன மரம் வச்ச டப்பாவோட வீட்டுக்கு வந்திருந்தா, அவங்களுக்கு இன்னும் ரெண்டு மாசம் டைம் இருக்கு.

இப்படிக்கு,
உங்க பேப்பர ரொம்ப வருஷமா படிக்கற ஒரு தாத்தா